செக்ரோலில் ஏறாத குரல்

நமது தோட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்குக் காகிதப் பஞ்சம் என்பது இல்லை. எந்நாளில் எந்த நிரையில் எத்தனை இராத்தல் பால் வந்தது, எத்தனை பேர் பிரட்டுக்கு வந்தனர், எத்தனை பேர் காய்ச்சலென்று லயத்திற் கிடந்தனர், அரிசிக்காக யார் சம்பளத்தில் எவ்வளவு பிடித்தம் என்னும் விவரமெல்லாம் கிராணிமார் கைப்பட எழுதிய புத்தகங்களில் வரிவரியாய் ஏறியுள்ளன. அத்தகைய கணக்கு எழுதும் உத்தியோகத்தையே யானும் செய்து வருகிறேனாதலின், அதன் பெருமையும் சிறுமையும் எனக்குத் தெரியும். ஒருவன் பதினைந்து வருஷம் பால் வெட்டினான் என்று செக்ரோல் சொல்லும். அந்தப் பதினைந்து வருஷமும் அவன் மனத்தில் என்ன ஓடியது என்று அதைக் கேட்டால் அது வாய் திறவாது. கடிதம் எழுதவும் நாட்குறிப்பு வைக்கவும் அறியாத வாலிபர் கூட்டம் ஒன்று தன் மனத்தை எதில் விட்டுச் சென்றிருக்கும்? பாட்டில்தான்.

இக்காலத்து இளைஞர் பாடும் ராப் என்னும் சொல்லடுக்குப் பாட்டைக் கேட்டதும் நம்மிற் பெரியோர் பலர் காதைப் பொத்திக் கொள்கின்றனர். இராகமில்லை, பாவமில்லை, தமிழும் ஆங்கிலமும் மலாயும் ஒரே பானையிற் போட்டுக் கிண்டப்பட்டிருக்கின்றன, இதுவும் ஒரு சங்கீதமா என்கின்றனர். நல்ல கேள்வியே. ஆயின் இக்கேள்வி புதியதன்று. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் தோட்டத்துத் தெம்மாங்கைக் கேட்டு, "கூலிக் கூச்சல்" என்று முகஞ் சுளித்தோரும் நம்மவரே. அப்படிச் சுளித்த முகங்களில் ஆங்கிலம் கற்ற கிராணிமார் முகங்கள் முன்வரிசையில் இருந்தன. அந்தச் சுளிப்பினால் நாம் எதை இழந்தோம் என்பதை முதலிற் கணக்கிட்டுவிட்டு, பிறகு இளைஞர் பாட்டுக்குத் தீர்ப்புக் கூறுவதே முறையாகும்.

மலாயாவுக்குத் தமிழ்த் தொழிலாளர் வந்த விதம் யாவரும் அறிந்ததே. முதலில் சஞ்சிக்கூலி முறை. பின்னர்க் கங்காணி முறை. 1907-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குடிவரவு நிதி ஏற்பட்டுக் கப்பற் செலவைத் தோட்ட முதலாளிகள் பொதுவில் ஏற்றனர். 1910-இல் சஞ்சி முறை ஒழிந்தது. 1938-இல் இந்திய அரசாங்கம் உதவி பெற்ற தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்தது. இந்த ஆண்டுகளுக்கிடையே வந்திறங்கியவர் பெரும்பாலோர் இளவயதினர். ஊரில் அவர்கள் பாடியது நடவுப் பாட்டும் ஏற்றப் பாட்டும் ஆகும். பத்துப் பேர் குனிந்து நாற்று நடும்போது ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர் வாங்கிப் பாடுவது அவ்வழக்கம். இரப்பர்க் காட்டிலோ வேலையின் அமைப்பே வேறு. விடிவதற்கு முன் தலையில் விளக்குடன் ஆளுக்கொரு நிரைக்குப் பிரிந்து செல்ல வேண்டும். குளிர் நேரத்திலேதான் பால் நன்றாக ஓடும். முந்நூறு நானூறு மரத்துக்கு நடுவே ஒருவனோ ஒருத்தியோ தனியே நிற்க, எட்டத்தில் இன்னொரு விளக்கு மங்கலாய் அசையும். இங்கே கூட்டுப் பாட்டுக்கு இடமேது? வயலில் பலர் வாய்ப் பாட்டாக இருந்தது, காட்டில் ஒருவர் புலம்பலாகவும், ஒரு நிரையிலிருந்து மறு நிரைக்கு விடும் கேள்வியாகவும், அதற்கு வரும் பதிலாகவும் மாறிற்று என்றே யான் கருதுகிறேன். கப்பல் ஏறியது, துரையின் சப்பாத்து, கங்காணியின் கடன், கள்ளுக்கடை வாசல், ஆயாக் கொட்டகையில் விட்டு வந்த பிள்ளை ஆகியவை எல்லாம் அப்பாட்டுக்குள் புகுந்தன. பெண்டிர் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் சொன்ன செய்திகளோ, ஆடவர் வாய்விட்டுச் சொல்லத் துணியாதவை.

இவற்றை எழுதி வைத்தவர் யார்? 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருள்ள தோட்டத்தில் பள்ளி இருக்க வேண்டுமென்று விதித்தது. அப்பள்ளிகளிற் பலவற்றில் கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். மனனம் செய்வித்தது ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும். அவை வேண்டாமென்று யான் சொல்லவில்லை. ஆனால் அப்பிள்ளைகளின் தாய்மார் வாயிலிருந்த பாட்டைக் கரும்பலகையில் எழுதலாம் என்று எவருக்கும் தோன்றவில்லை.

நம் கோலசிலாங்கூர்ப் பக்கத்திலேயே இதற்கு ஓர் எதிர்ச்சான்று உண்டு. பத்தாங் பெர்ஜுந்தை அருகேயுள்ள தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் மலாயாவின் முதல் வியாபாரச் செம்பனையை நட்டவர் ஆன்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். அவர் 1930-இல் எழுதிய 'மலேசி' என்னும் நாவல் பிரான்சின் கொன்கூர்ப் பரிசைப் பெற்றது. மலாய்க்காரர்களின் பந்துன் என்னும் நாலடிப் பாட்டு அந்நூல் நெடுகிலும் மணக்கிறது. தமது தோட்டத்துக்கு வெளியே கம்பத்தில் ஒலித்த பாட்டை ஓர் ஐரோப்பியத் தோட்டக்காரர் உலகறியச் செய்தார். தோட்டத்துக்குள்ளே நம் லயங்களில் ஒலித்த தெம்மாங்குக்கு அத்தகைய இடம் அந்நூலிற் கிட்டவில்லை. அவரைக் குறை சொல்வானேன்? நம் மொழி தெரிந்த நாமே செய்யாததை அவர் ஏன் செய்யவில்லையென்று கேட்பது நியாயமாகாது.

தொழிலாளர்க்கும் கிராணிமார்க்கும் இடையேயிருந்த தூரத்தை 1941-ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தம் அம்பலத்துக்குக் கொணர்ந்தது. ஆர். எச். நாதன் முதலியோர் நடத்திய கிள்ளான் வட்டார இந்தியச் சங்கத்தின் பேரில் எழுந்த அக்கிளர்ச்சி சிலாங்கூர்த் தோட்டங்களிற் பரவியது. சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை மூடல், பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை ஆகியவற்றோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது. துரைமாரோ உத்தியோகஸ்தரோ எதிர்ப்பட்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர். நாதன் நாடு கடத்தப்பட்டார். சைக்கிளிலிருந்து இறங்கி நின்றவன் தன் எதிரே நின்ற கிராணியிடம் தன் பாட்டைப் பாடிக் காட்டுவானா? நாமும் கேட்டிருப்போமா?

அடுத்து ஜப்பானியர் காலம் வந்தது. 1942-இலும் 1943-இலும் சயாம்-பர்மா இரயில் பாதைக்குப் பல்லாயிரம் தோட்டத் தமிழர் கொண்டு செல்லப்பட்டனர். அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. சென்றவர் பலர் திரும்பவில்லை. நேச நாட்டுப் போர்க்கைதிகள் அங்கிருந்து நாட்குறிப்புக்களும் ஓவியங்களும் கொண்டு வந்தனர். அவற்றைக் கொண்டு புத்தகங்களும் படங்களும் வெளிவந்தன. மீண்டு வந்த நம்மவர் கொண்டு வந்தது அவர்கள் நெஞ்சிலிருந்த சில பாட்டும் புலம்பலுமே. அவற்றைக் கேட்டு எழுதச் சில நல்லோர் பின்னாளில் முயன்றனர். அதற்குள் பாடிய வாய்களிற் பல மூடிவிட்டன.

நமக்கு அண்டையிலுள்ள இலங்கைத் தேயிலை மலைகளில் நிலைமை சற்று மேல். அங்கே கோ. நடேசய்யர் தொழிலாளர் சங்கம் கண்டபோது, அவர் மனைவியார் மீனாட்சி அம்மையார் கூட்டங்களிற் பாட்டுக்களைத் தாமே பாடி மக்களைத் திரட்டினார். பாட்டுக்களைச் சிறு நூலாகவும் அச்சிட்டனர். ஒரு பெண் பொது மேடையேறிப் பாடுவதையே பழிப்பாய்ப் பேசிய காலம் அது என்பதை வாசகர் நினைவிற் கொள்க. பின்னர்ச் சி. வி. வேலுப்பிள்ளை தோன்றினார். தோட்டத்திற் பிறந்து ஆங்கிலத்தில் எழுத வல்லவராய், 1947-இல் பாராளுமன்றமும் புகுந்த அவர், மலைநாட்டு மக்களின் நாட்டுப் பாடல்களைத் தேடித் திரட்டினார். ஆங்கிலக் கல்வி பெற்ற தோட்டத்தான் ஒருவன் அக்கல்வியை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதற்கு அவரே எனக்கு உதாரணம். அவர் 1984-இல் காலமானார்.

இனி, மெட்டை இரவல் வாங்குகிறார்கள் என்று ராப் பாடுவோர்மேற் சுமத்தப்படும் குற்றத்தைப் பார்ப்போம். யோகி பி-யும் நட்சத்திராவும் என்னும் நம் நாட்டுக் குழுவினர் 2006-இல் 'வல்லவன்' என்னும் இசைத்தட்டை வெளியிட்டனர். யோகி பி, அதற்கு முன் 1998-இல் முதல் இசைத்தட்டைக் கொணர்ந்த பொயட்டிக் அம்மோ என்னும் நால்வரில் ஒருவர். அந்நால்வர் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பாடினர். 'வல்லவன்' தமிழிற் பாடிற்று. அதில் டாக்டர் பர்ன், எம்சி ஜேஸ் என்னும் இருவரும் உடன் நின்றனர். அத்தட்டில் யாவரையும் கவர்ந்தது 'மடை திறந்து' என்பதாகும். இஃது இளையராஜா 1980-இல் 'நிழல்கள்' படத்திற்கு அமைத்த மெட்டு. மூலப் பாட்டை எழுதியவர் வாலி. படத்தில், சங்கீதத்தால் முன்னேறிவிடலாமென்று கனவு காணும் ஏழை வாலிபன் ஒருவனுக்காக ஒலித்த பாட்டு அது. அம்மெட்டின்மேல் நம் இளைஞர் தம் சொற்களை அடுக்கினர். "பிறர் தோளில் ஏறி நின்றார்கள்" என்று பெரியோர் சொன்னார்கள்.

அந்தத் தோள் எங்கிருந்து வந்தது என்று சற்று ஆராய்ந்தால் விஷயம் சுவைப்படுகிறது. 1958-இல் கேரளத்துத் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. வாக்காளரிற் பெரும்பகுதியினர் மூணாறுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தமிழர். கம்யூனிஸ்டுக் கட்சியின் சார்பில் நின்று வென்றவர் ரோசம்மா புன்னூஸ் என்னும் அம்மையார். அவருக்காக லயம் லயமாய்ச் சென்று பாடியவர் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன். ஜனங்களுக்குப் பழகிய மெட்டில் புதுச் சொல்லைப் போடுவதே அவர் வழி. அண்ணனுடன் மலையேறிய பதினான்கு பதினைந்து வயதுச் சிறுவனே பின்னாளில் இளையராஜா என்று உலகறிந்தவர். தோட்டத் தொழிலாளர் முன்னிலையில் இரவல் மெட்டிற் பாடித் தொழில் பழகிய சிறுவன் முதிர்ந்து ஒரு மெட்டை அமைக்க, அம்மெட்டை மலேசியத் தமிழ் வாலிபர் இரவல் வாங்கினர். யார் யாருக்குக் கடன்? ஒரு மெட்டு ஒருவர்க்கே உரியதென்று நம் நாட்டுப்புறம் என்றும் எண்ணியதில்லை. காவடிச் சிந்தின் நடையை எத்தனை பேர் எத்தனை காரியத்துக்குக் கையாண்டுள்ளனர் என்பதைப் பண்டிதர்கள் எண்ணிச் சொல்லட்டும். இது பாட்டின் பிறப்பைப் பற்றிய பேச்சு. அதை விற்கும் கம்பெனிகளின் உரிமைச் சட்டம் வேறு.

ராப்பின் பிறப்பும் நம் கதைக்குப் புறம்பானதன்று. 1973 ஆகஸ்டு 11-ஆம் நாள் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை கூல் ஹெர்க் என்பவர், தம் தங்கை நடத்திய விருந்தில் இரண்டு இசைத்தட்டுக்களை மாற்றி மாற்றிச் சுழற்றினார். அதிலிருந்தே ஹிப்ஹாப் கிளைத்ததென்பர். கரும்புத் தோட்ட அடிமைகளின் வழித்தோன்றல், வீணையும் பியானோவும் வாங்க வழியின்றி, கிடைத்த தட்டை வைத்துக்கொண்டு செய்த சங்கீதம் அது. இரப்பர்த் தோட்டத்தாரின் பேரப்பிள்ளைகளுக்கு அது சொந்தக்காரன் குரலாய்க் கேட்டதில் வியப்பென்ன?

இவ்விடத்தில் ஒரு சிறு மகிழ்ச்சியையும் குறித்துவிடுகிறேன். கிராமபோன் தட்டு, நாடகக் கம்பெனி, பேசும் படம், படப்பாட்டு ஆகிய எல்லாம் தமிழகத்திலிருந்து கப்பலேறி நமக்கு வந்தவை. தொழிலாளர் வந்த அதே ரஜூலாக் கப்பல் அவற்றையும் சுமந்திருக்கும். நம் வாலிபரிற் கைதேர்ந்தவர் வேறு மொழியிற் பாடியே புகழ் பெற்றனர். பினாங்கு ஆறுமுகம் சகோதரர்களான டேவிட், லோகநாதன் இருவரின் ஆலிகேட்ஸ் குழு, 1970-களிலிருந்து மலாய்ப் பாட்டால் நாடெங்கும் கொண்டாடப்பட்டதை யார் மறப்பர்? தமிழில் நம் குரல் மட்டும் அக்கரைக்குப் போனதில்லை. 2006-க்குப் பின் அது போயிற்று. சென்னைப் பட்டணத்துப் படங்களில் யோகி பி-யை அழைத்துப் பாட வைத்தனர். ஹிப்ஹாப் தமிழா முதலிய தமிழக இளைஞர் பெயரெடுத்தது அதற்கும் பிந்தியே. நூறு வருஷம் இறக்குமதி செய்தவர்கள் ஒரு தடவை ஏற்றுமதி செய்தோம்.

இப்பாட்டுக்களில் நம் தோட்டம் இருக்கிறதா என்று கேட்பர். தோட்டமே இருக்கிறதா என்று யான் திருப்பிக் கேட்பேன். பிராங் பெசார் முதலிய தோட்டங்கள் இருந்த நிலத்தில் 1995 முதல் புத்ராஜெயா எழுந்தது. நம் உலு சிலாங்கூரிலும் இரப்பர் நின்ற மேடுகளில் வீடமைப்புத் தாமான்கள் எழுந்துள்ளன, எஞ்சியது செம்பனை. லயத்தில் பிறந்தவரின் பிள்ளைகள் பட்டணத்து ஓரத்து அடுக்கு வீடுகளிற் குடியேறினர். அவ்வடுக்கு வீட்டு வாலிபனுக்கு வேலை இல்லை என்பதும், போலீஸ் அவனை நிறுத்திப் பையைச் சோதிப்பதும், பள்ளியில் அவனைக் கடைசி வகுப்பில் தள்ளியதும் எந்தச் செக்ரோலிலும் ஏறாது. இப்போது செக்ரோலே இல்லை. அவன் தன் கைப்பேசியில் பதிந்து விடும் மூன்று நிமிஷப் பாட்டில்தான் அது இருக்கிறது. சாதியை மறைத்துப் பேசும் நாகரிகமும் அவனிடம் குறைவு, வெளிப்படையாகவே கேட்டுவிடுகிறான். பெரியோர்க்கு அது நாராசம்.

குற்றமே இல்லையென்று வாதிக்க யான் வரவில்லை. கத்தியையும் குடியையும் கொண்டாடும் பாட்டுக்கள் உள. பெண்ணை இழித்துப் பேசும் வரிகளும் உள. அவற்றை நம் வீட்டில் ஒலிக்க விடேன். ஆனால் கள்ளுக்கடைத் தெம்மாங்கு மட்டும் சுத்த சைவமாயிருந்ததா? அதிலுள்ள ஆபாசத்துக்கு அஞ்சி முழுவதையும் ஒதுக்கியதால் நல்லதும் சேர்ந்தே மாண்டது என்பதே என் புகார்.

குரல் பத்திரமாய்ச் சேர்வதற்கு இளைஞர் கையாளும் வழிக்கு ஒரு நல்ல சான்று 2021 மார்ச்சில் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி'. அதை எழுதித் தீயுடன் சேர்ந்து பாடியவர் அரக்கோணத்து இளைஞர் அறிவு. இசை சந்தோஷ் நாராயணனது. அறிவின் பாட்டியார் வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 1964-ஆம் ஆண்டுச் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கு பிரித்தது. ஆட்டு மந்தையைப் பிரிப்பதுபோல் மனிதரைப் பிரித்தனர். அப்பிரிவினையில் கடல் கடந்து மீண்ட குடும்பங்களுள் ஒன்று அது. பாட்டியின் கதையும் பேச்சும் பேரனின் ராப்பிலும் ஒப்பாரி நடையிலும் ஏறி, யூடியூபில் கோடிக்கணக்கானோர் காதுக்குச் சென்றன. ஒப்பந்தம் எழுதிய இரு பிரதமர்களின் பேச்சை இன்று தேடிப் படிப்பவர் எத்தனை பேர்? வள்ளியம்மாள் பெயரைச் சிறுவரும் சொல்கின்றனர்.

அதே பாட்டைச் சுற்றி ஒரு வழக்கும் எழுந்தது. அவ்வருஷம் ஆகஸ்டில் ஓர் ஆங்கிலச் சஞ்சிகையின் அட்டையில் பாடியவர் படம் வந்தபோது எழுதியவர் படம் இல்லை. பாட்டு யாருடையது, கூலி யாருக்கு என்று பல மாதம் சர்ச்சை நடந்தது. அதில் தீர்ப்புச் சொல்வது என் வேலையன்று. ஆனால் தோட்டக் கணக்கன் என்ற முறையில் ஒன்றைக் கவனிக்கிறேன். பால் யார் வெட்டியது என்பதை எழுத நாம் காட்டிய கவலையில் பத்திலொரு பங்கு, பாட்டு யார் கட்டியது என்பதை எழுதுவதிற் காட்டப்படவில்லை. நம் நாட்டு இளைஞர் பாட்டுக்களிலும் எத்தனையோ, எழுதியவர் பெயரின்றி, வருஷமின்றி அலைகின்றன. அவை தங்கியிருக்கும் இடமோ அயல்நாட்டுக் கம்பெனிகளின் இயந்திரங்கள். கம்பெனி மூடினால், கணக்கு நீக்கப்பட்டால், பாட்டும் போயிற்று. தெம்மாங்காவது ஒரு கிழவியின் நெஞ்சில் அறுபது வருஷம் இருந்தது.

எம் தோட்டத்தில் அத்தகைய மூதாட்டி ஒருவர் உள்ளார். அவர் தம் தாயாரிடம் கேட்ட கப்பற் பாட்டு ஒன்றைப் பேரன் தன் ராப்பினிடையே வைக்க விரும்பி, எழுதித் தரும்படி என்னிடம் வந்தான். அலுவலகத்துப் பழைய நோட்டில், பால் கணக்குக்குப் பின்புறம், பாட்டி சொல்லச் சொல்ல எழுதினேன். அவர் சொன்ன தமிழ் எனக்குப் பாதி புரியவில்லை; பேரனே விளக்கினான். பாட்டு ஐந்து கண்ணி. நான்கு கிடைத்தன. முதலிரண்டு ஊரைவிட்டுப் புறப்படுவதையும் நாகப்பட்டினத்தில் கப்பலேறுவதையும் சொல்கின்றன; நாலாவது பினாங்கு கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்கிறது. மூன்றாவது கண்ணி நடுக்கடலில் நடந்ததைப் பற்றியது என்பதும், அதைப் பாடும்போது தாயார் அழுவார் என்பதும் மட்டுமே மூதாட்டிக்கு நினைவிருக்கின்றன. பேரன் அவ்விடத்தில் வெறுந் தாளத்தை மட்டும் விட்டு வைத்திருக்கிறான். புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை, பத்தாங்காலி, ரவாங் வட்டாரத்து முதியோர் எவர்க்கேனும் ரஜூலாக் கப்பலின் அக்கண்ணி தெரியுமாயின், இப்பத்திரிகையின் முகவரிக்கு எழுதியனுப்பும்படி வேண்டிக்கொள்கிறேன். எழுதத் தெரியாதவராயின் அருகிலுள்ள பிள்ளையிடம் சொல்லிப் பதியச் செய்தாலும் போதும்.